முப்பது ராத்தல்

எண்பது ராத்தல் நூல் கேட்டேன்.
டர்பனில், கடைக்குள்ளே சவுந்தரி படையாச்சி
நூல்கண்டைத் தொடாமலே கேட்டாள்:
"மீன் பிடிக்கவா, கப்பல் கட்டவா?"

அவளுக்குத் தெரியாது, நான் லிஃப்ட் பார்ப்பவன்.
கடலோரத்து இருபத்திரண்டு மாடியில்
கயிற்றின் கிரீஸைத் துடைத்துத் துடைத்து
அறுந்த இழைகளை எண்ணுகிறவன்.
ஆறு பேர் ஏறும் பெட்டிக்கு
எழுபத்திரண்டு பேரைத் தாங்கும் கயிறு.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் "போதும்".
அதற்குக் குறைந்தால் சிவப்புச் சீட்டு,
படியில் இறங்குங்கள், அம்மா.

அந்தக் கணக்கோடுதான் உம்லோட்டிக்குப் போனேன்.
ஜூன் மாதம், விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
குபேன் எனக்கு முன்பே பாறைமேல்,
நெற்றியில் விளக்கு, வாயில் பாதி பன்.
என் ரீலில் எண்பது.
தடித்த நூல். வீசினால் காற்று அதைப் பிடித்து
துணிக்கொடிபோல் தொய்ய வைத்தது.
ஈயம் நுரைக்கு இந்தப் பக்கம்,
மீன்கள் அந்தப் பக்கம்.
குபேனின் நூல் கண்ணுக்கே தெரியவில்லை.
போனதற்குச் சாட்சி ஒரு சீழ்க்கை மட்டும்.

மூன்றாவது வீச்சில் பிடித்தது.
மீனல்ல. ஆப்பிரிக்கா.

இழுத்தேன். கண்டம் அசையவில்லை.
தங்கூசி என்றால் கொஞ்சம் நீளும், கொஞ்சம் மன்னிக்கும்.
பின்னல் நூல் நீளாது,
எட்டு இழைக்கும் ஒரே பிடிவாதம்.
கோலைத் தாழ்த்தி, நூலைக் கையில் சுற்றினேன்
(வேலையிடத்தில் ஒருவன் இதைச் செய்தால்
நானே புகார் எழுதியிருப்பேன்).
அப்போது வந்தது அந்த அலை, இடுப்புவரை.

எண்பது ராத்தல் அறாமல் பிடித்துக்கொண்டது
அந்த முனையில் பாறையை,
இந்த முனையில் என்னை.
அறுபட்டது சுட்டுவிரல்தான்.

குபேன் கத்தியோடு வந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
அறுபது மீட்டர் கடலோடு போயிற்று.
இன்னும் அங்கேதான் கிடக்கும்,
எதையாவது விடாமல் பிடித்தபடி.

நான்கு தையலோடு மறுபடி கடைக்குப் போனேன்.
சவுந்தரி விரலைப் பார்த்தாள், விலையைச் சொன்னாள்.
முப்பது ராத்தல் பின்னல் நூல், தலைமுடி கனம்.
ஐந்து அவுன்ஸ் ஈயம் வீசும் உதறலைத் தாங்க
முன்னால் ஐம்பது ராத்தல் தங்கூசி, இரண்டு கோல் நீளம்.
ஈயத்தைத் தொங்கவிட மட்டும்
இருபது ராத்தல், மட்டமான சரக்கு.
"இது எதற்கு?"
"அறுந்துபோக."

இருபது வருஷமாக
எதுவும் அறாமல் இருக்கச் சம்பளம் வாங்குகிறேன்.
எது அறவேண்டும் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

சமையல் மேசையில் முடிச்சுப் போட்டு
மீன் தராசில் இழுத்துப் பார்த்தேன்.
கண்டில் அச்சடித்த முப்பது
முடிச்சில் இருபத்தைந்து ஆகிறது.
எச்சில் தொடாமல் இறுக்கினால் பதினெட்டு;
பதினெட்டு என்றால் ஈயத்துக்கு முன் எல்லாமே போகும்.
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
விசாலா பில்லைத் திருப்பிப் பார்த்து,
எந்த எண்ணைக் கட்டவேண்டும் என்றாள்.

ஞாயிறு. அதே பாறை, இரண்டடி பின்தள்ளி.
மாட்டியது. இழுத்தேன். டப்.
ஈயம் மட்டும் ஆப்பிரிக்காவுக்கு;
மிச்சமெல்லாம் வீடு வந்தது,
கொக்கியில் அரை மத்தியோடு.
குபேனுக்குக் கேட்கும்படி சிரித்தேன்.

வெயில் ஏறும் நேரம் ஒரு பாரை.
ரீல் கதறியது, பிரேக்கை ஒரு சுற்றுத் தளர்த்தினேன்,
ஓடட்டும் என்றேன், ஓடியது,
நூல் நின்றது, முடிச்சு நின்றது,
தங்கூசி நின்றது, நானும் நின்றேன்.
பிறகு ஒன்றுமில்லை.
சுற்றிப் பார்த்தால், நேராய் நிமிர்ந்த கொக்கி,
குண்டூசி மாதிரி.

கொக்கியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.